சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா? ஹுலோவின் இன்சுலின்

கேள்வி:

நாங்கள் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் பல வருஷமாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம். எங்கள் பூனை ஹுலோவுக்கு ஒன்பது வயது. கருத்தடை செய்த ஆண் பூனை, எடை 6.2 கிலோ. பூஜை விடுமுறைக்குப் பிறகு ஓயாமல் தண்ணீர் குடித்தான். எவ்வளவு தின்றாலும் முதுகெலும்பு தெரிய ஆரம்பித்தது. பால்கனியில் அவன் மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்த்ததைப் பார்த்து என் மாமியார்தான் முதலில் சொன்னார், "இவனுக்கும் என் வியாதிதான்டி" என்று. டாக்டரிடம் கொண்டுபோனோம். சர்க்கரை 418 என்றார்கள். கிளார்ஜின் இன்சுலின், காலையும் இரவும் 1 யூனிட் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மருந்துக்கடையில் 10 மில்லி குப்பியும் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சும் கொடுத்தார்கள். மாமியார் போட்டுக்கொள்ளும் சிரிஞ்சும் அதேதான். ஒரு கோடு வரைக்கும் இழுத்துப் போடுகிறேன். மூன்று வாரம் ஆகிறது. மாமியாரின் மீட்டரிலேயே பார்க்கிறேன். காலையில் 290, 310, 265 என்று வருகிறது. ஒரு நாள் இரவு 390 காட்டியது. இடையில் இரண்டு முறை மத்தியானம் தள்ளாடினான். கட்டிலுக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டான். அப்புறம் வந்து சாப்பாட்டை வாரி வாரித் தின்றான். சர்க்கரை இறங்கவே இல்லையே, ஒன்றரைக் கோடாக ஏற்றலாமா?

சாப்பிடாத நாளில் ஊசி போடலாமா? மீன் சோறு கொடுக்கலாமா? குப்பி தீர்ந்துபோனால் அவசரத்துக்கு மாமியாரின் இன்சுலினைப் போடலாமா? அடுத்த மாதம் சென்னையில் ஒரு கல்யாணம், எப்படிப் போவது என்றும் தெரியவில்லை. "வயசான பூனையைத் தினமும் குத்தி வதைக்கணுமா?" என்று என் கணவர் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாசகி, கொல்கத்தா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே ஆசிரியர் குழுவிடம் சொல்லி உங்களைத் தொலைபேசியில் அழைக்கச் செய்தேன். அச்சில் வரும்வரை காத்திருக்கக்கூடிய விஷயம் இல்லை இது. அன்று சொன்னதையே இங்கே விளக்கமாக எழுதுகிறேன். இதே சிவப்பு மூடியோடு இன்னும் எத்தனை வீடுகளில் எத்தனை பூனைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்களோ!

அளவை ஏற்றாதீர்கள். ஹுலோவுக்கு இப்போதே டாக்டர் எழுதியதைப்போல இரண்டரை மடங்கு இன்சுலின் போய்க்கொண்டிருக்கிறது.

நம் நாட்டு மருந்துக்கடைகளில் இரண்டு செறிவில் இன்சுலின் குப்பி விற்கிறார்கள். ஒன்றில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், இன்னொன்றில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். மனிதர்களுக்கான பழைய வகைகள் பெரும்பாலும் 40-இல் குப்பியாக வருகின்றன. உங்கள் மாமியார் போட்டுக்கொள்வதும் அதுவாகத்தான் இருக்கும். கிளார்ஜின் குப்பி, அது லாண்டஸ் ஆனாலும் பேசலாக் ஆனாலும், 100. இந்த இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு வேறு. 40-க்கு உரியதற்குச் சிவப்பு மூடி, 100-க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு என்பது ஒரு மில்லியில் நாற்பதில் ஒரு பங்கு. அந்தக் கோடு வரைக்கும் 100 செறிவு மருந்தை இழுத்தால் உள்ளே ஏறுவது 2.5 யூனிட். ஒன்றரைக் கோடாக ஏற்றியிருந்தால் 3.75 யூனிட் ஆகியிருக்கும். பூனைக்கு வழக்கமாக ஆரம்பிக்கும் அளவே வேளைக்கு 1 யூனிட், மிஞ்சிப்போனால் 2.

இதில் உங்கள் கவனக்குறைவு எதுவும் இல்லை. கடையில் கொடுத்ததை வாங்கினீர்கள், சீட்டில் எழுதியதைப் போட்டீர்கள். சிரிஞ்சின் வகையையும் சீட்டில் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை யாராவது உங்களுக்கு முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். இனி வாங்கும்போது குப்பியின் லேபிளில் உள்ள எண்ணையும் சிரிஞ்சின் உடம்பில் அச்சிட்ட எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் பணம் கொடுக்காதீர்கள். 100 செறிவுக்கான சிரிஞ்சிலும் 0.3 மில்லி அளவுள்ளதைக் கேளுங்கள். அரை யூனிட்டுக்கும் கோடு போட்டது கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு மில்லி சிரிஞ்சில் ஒரு யூனிட்டைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். பேனா வகை வேண்டாம், அதில் பெரும்பாலும் அரை யூனிட் வைக்க முடியாது. மாமியாருடைய சிவப்பு மூடி சிரிஞ்சுகளையும் ஹுலோவின் ஆரஞ்சு மூடி சிரிஞ்சுகளையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். ஒரு நாள் அவசரத்தில் உங்கள் மாமியாருக்கே அளவு மாறிப் போய்விடும்.

இப்போது உங்கள் குறிப்புகளைத் திரும்பப் படியுங்கள். மத்தியானம் தள்ளாட்டம், ஒண்டிக்கொள்ளல், பிறகு வெறிகொண்டதுபோல் தின்பது. இது சர்க்கரை மட்டுமீறி இறங்கியதற்கான அடையாளம். காலை ஊசி அதன் உச்சத்துக்கு வருவது சில மணி நேரம் கழித்து. நீங்கள் மீட்டரில் பார்த்ததெல்லாம் ஊசிக்கு முன்னால், அதாவது மருந்து வடிந்துபோன நேரத்தில். பள்ளத்தை நீங்கள் அளக்கவே இல்லை. சில பூனைகளில் சர்க்கரை இப்படிக் கீழே போனதும் கல்லீரல் தன்னிடம் சேர்த்து வைத்திருப்பதை இரத்தத்தில் கொட்டும். அடுத்த வேளை அளந்தால் எண் எகிறிக் காட்டும். அந்த 390 அப்படி வந்திருக்கலாம். அதை மட்டும் பார்த்து மருந்து போதவில்லை என்று ஏற்றியவர்களின் பூனைகள் வலிப்போடு மருத்துவமனைக்கு வந்திருக்கின்றன. ஆகவே ஊசிக்கு முந்தைய எண்ணை மட்டும் வைத்து யாரும் அளவை ஏற்றக் கூடாது. டாக்டர் ஏற்றச் சொன்னால், "பள்ளம் எவ்வளவு என்று பார்க்க வேண்டாமா?" என்று தைரியமாகக் கேளுங்கள்.

சரியான சிரிஞ்சுக்கு மாறினால் உண்மையான அளவு 2.5-இலிருந்து 1 யூனிட்டாகக் குறையும். முதல் சில நாட்கள் மீட்டர் இன்னும் அதிகம் காட்டலாம். பயப்பட வேண்டாம். இதுவரை எடுத்த எண்களெல்லாம் வேறு அளவு மருந்தின் எண்கள், அவற்றை ஒதுக்கிவிட்டுப் புதுப் பக்கத்தில் ஆரம்பியுங்கள். உங்கள் டாக்டரிடம் சிரிஞ்சு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் முந்தைய எண்களைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். புது அளவு எதுவானாலும் ஐந்து முதல் ஏழு நாட்கள் அதிலேயே நிற்க வேண்டும். கிளார்ஜின் உடம்பில் நிலைப்பட அவ்வளவு நாள் ஆகும். மாற்றினாலும் அரை யூனிட்டுக்கு மேல் ஒரே தடவையில் மாற்ற வேண்டாம். இன்று 300, நாளை 240 என்று தினமும் கூட்டிக் குறைப்பது உடம்பைக் குழப்பும்.

பூனை வைத்தியத்தில் நான் எல்லோரிடமும் சலிக்காமல் சொல்வது ஒன்று உண்டு. ஒரு வேளை ஊசி தவறிப்போனால் ஹுலோவுக்கு அன்றைக்குச் சர்க்கரை ஏறும், கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் குடிப்பான், அவ்வளவுதான். ஒரு ஊசி கூடுதலாகப் போனால் அவன் செத்துப்போகலாம். சந்தேகம் வரும் ஒவ்வொரு இடத்திலும் இதை நினைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஊசி உள்ளே போனதா, ரோமத்திலேயே வழிந்ததா என்று சந்தேகமா? மறுபடி போடாதீர்கள். நீங்கள் போட்டீர்களா, கணவர் போட்டாரா என்று தெரியவில்லையா? போடாதீர்கள். காலை ஊசி மறந்து மத்தியானம் ஞாபகம் வந்ததா? டாக்டரைக் கேட்க முடியாவிட்டால் இரவு நேரத்துக்கு வழக்கமான அளவை மட்டும் போடுங்கள். இரண்டு வேளையைச் சேர்த்து ஒரே தடவையில் ஒருபோதும் போடக் கூடாது.

சாப்பிடாத நாளுக்கும் இதே பதில்தான். ஊசிக்கு முன்னால் தட்டை வையுங்கள். வழக்கம்போல் சாப்பிட்டால் ஊசி போடுங்கள். பாதி சாப்பிட்டு நகர்ந்துவிட்டால் அளவைப் பாதியாக்குவது வழக்கம். அதையும் முன்கூட்டியே உங்கள் டாக்டரிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வாய் வைக்கவே இல்லை, அல்லது சாப்பிட்டதை வாந்தியெடுத்துவிட்டான் என்றால் அந்த வேளை ஊசி வேண்டாம், டாக்டரைக் கூப்பிடுங்கள். ஊசிக்கு முன் மீட்டர் 200-க்குக் கீழே காட்டினாலும் உங்களைப்போல் புதிதாகத் தொடங்கியவர்கள் தாங்களாகப் போட வேண்டாம். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் சோர்ந்து படுத்துவிட்டான், வாந்தியும் எடுக்கிறான் என்றால் அது வேறு அபாயம். உடம்பு கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன் என்ற அமிலத்தைச் சேர்த்துவிட்டிருக்கலாம். மூத்திரத்தில் கீட்டோன் பார்க்கும் காகிதப் பட்டை மருந்துக்கடையில் கிடைக்கும். அதில் நிறம் மாறினால் இரவா பகலா என்று பார்க்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

தள்ளாட்டம் மறுபடி வந்தால் செய்ய வேண்டியதை இப்போதே ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். விழிப்போடு இருந்தால் உடனே சாப்பாட்டை வையுங்கள். சாப்பிட மறுத்தால், அல்லது நிற்க முடியாமல் துவண்டால், குளுக்கோஸ் பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, இல்லையென்றால் தேனை, விரலால் ஈறில் தடவுங்கள். ஒரு தேக்கரண்டி அளவு போதும். மயக்கத்திலோ வலிப்பிலோ இருக்கும் பூனையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பல்லுக்கு நடுவே விரலையும் கொடுக்காதீர்கள், வலிப்பில் கடித்துவிடும். எழுந்து நடந்துவிட்டானே என்று வீட்டிலேயே இருந்துவிடவும் கூடாது. தேன் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஊசியின் வேலை இன்னும் பல மணி நேரம் நீளும். அன்று கட்டாயம் டாக்டர் பார்க்க வேண்டும். மனித மீட்டர் பூனையின் இரத்தத்தில் பெரும்பாலும் கொஞ்சம் குறைத்தே காட்டும். அதனால் 65-க்குக் கீழே எண் வந்தால் "மீட்டர் தப்பாகக் காட்டுகிறது" என்று விடாதீர்கள். முதலில் இனிப்பு, பிறகு மறுஅளவீடு.

நீங்கள் வீட்டில் அளப்பதைக் கேட்டு எனக்கு மிகவும் சந்தோஷம். ஏனென்றால் 418 என்று மருத்துவமனையில் வந்த எண்ணை முழுதாக நம்ப முடியாது. கூடையில் அடைத்து, டாக்சி ஏற்றி, நாய் குரைக்கும் வரவேற்பறையில் உட்கார வைத்தால் பூனைக்குப் பயத்திலேயே சர்க்கரை எகிறும். ஆரோக்கியமான பூனைகூட அந்த நேரத்தில் 300 காட்டும். ஆகவே ஒரே ஒரு அளவீட்டை வைத்துச் சர்க்கரை நோய் என்று முடிவு கட்டுவதும் தவறு. ஹுலோவிடம் தாகம், மெலிவு, எறும்பு எல்லாம் இருந்ததால் சந்தேகமில்லை. ஃபிரக்டோசமைன் என்ற இரத்தப் பரிசோதனை கடந்த ஒன்றிரண்டு வாரச் சராசரியைக் காட்டும், பயத்தால் மாறாது. அதை எடுக்கச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம்.

இரத்தம் எடுக்கும் முறை: காதின் ஓரத்தில் நூல்போல் ஒரு இரத்தக்குழாய் ஓடும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும். வெதுவெதுப்பான துணியால் காதைச் சற்று நேரம் பிடித்துச் சூடாக்கினால் குழாய் புடைக்கும். காதின் பின்னால் பஞ்சை அணைத்து வைத்துக்கொண்டு அந்தக் குழாயை ஒட்டிக் குத்துங்கள். துளி வந்ததும் மீட்டர் பட்டையை அதன்மேல் தொடுங்கள், அதுவே உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பஞ்சால் சற்று அழுத்திப் பிடித்து, அவனுக்குப் பிடித்த ஒரு துண்டு வேகவைத்த கோழியைக் கொடுங்கள். சில நாளில் மீட்டர் டப்பா திறக்கும் சத்தம் கேட்டே வந்து உட்காருவான்.

சரியான சிரிஞ்சோடு ஒரு வாரம் ஆனதும், வீட்டில் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஊசிக்கு முன் தொடங்கி இரவு ஊசிவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். எது எத்தனை மணிக்கு, எப்போது சாப்பிட்டான், எப்போது தூங்கினான் என்றும் குறியுங்கள். டாக்டர் அளவைத் தீர்மானிக்க இந்த ஒரு பக்கம் போதும். அந்த நாளின் மிகத் தாழ்ந்த எண் 80-க்கும் 150-க்கும் நடுவே இருந்து, மேலே போவதும் பெரும்பாலும் 300-ஐத் தாண்டாமல் இருந்தால் நன்றாகப் போகிறது என்று அர்த்தம். பூனையின் சிறுநீரகம் சுமார் 270-க்கு மேல்தான் சர்க்கரையை வெளியே விடும். எறும்பு வராவிட்டால், தண்ணீர்க் கிண்ணம் முன்போல் நிரம்பியே இருந்தால், எடை மேலும் இறங்காமல் நின்றால், மீட்டரில் ஓரிரு எண் கூடிவந்ததற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். காதைக் குத்தவே முடியாத பூனைகளுக்கு, மனிதர்கள் கையில் ஒட்டிக்கொள்ளும் 14 நாள் சென்சாரை ரோமத்தை மழித்து ஒட்டுவதும் உண்டு. விலை அதிகம், சில பூனைகள் பிய்த்துவிடும்.

ஊசியைப் பற்றி ஒன்றிரண்டு. பிடரியிலேயே தினமும் போடாமல், விலாவின் இரு பக்கமும் வயிற்றின் ஓரமும் மாற்றி மாற்றிப் போடுங்கள். ரோமத்தைப் பிரித்து, தோலைக் கூடாரமாகத் தூக்கி, அதன் அடியில் ஊசியைச் செலுத்துங்கள். மறுபக்கம் வெளியே வந்துவிடாமல் பாருங்கள். போட்ட பின் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள், ஈரமாக இருந்தால் மருந்து வெளியே போயிருக்கிறது. அப்போதும் மறுபடி போடக் கூடாது. கிளார்ஜின் தெளிந்த தண்ணீர்போல இருக்க வேண்டும். கலங்கியிருந்தால் தூக்கியெறியுங்கள். அளவு சிறியதாக இருக்கிறதே என்று உப்புத் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்யவே கூடாது. அமிலத்தன்மை மாறாமல் இருந்தால்தான் தோலுக்கடியில் மெதுவாகக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்யும். குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள், ஐஸ் பெட்டியில் வேண்டாம். உறைந்த இன்சுலின் வீண். வைசாக மாத வெயிலில் மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் விடுங்கள், சில மணி நேரம் தாங்கும். லேபிளில் திறந்ததிலிருந்து 28 நாள் என்று போட்டிருக்கும். குளிரில் வைத்து அதற்கு மேலும் பயன்படுத்தும் டாக்டர்கள் உண்டு, உங்களுடையவரைக் கேளுங்கள். திறந்த தேதியைக் குப்பியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மாமியாரின் இன்சுலின் வேண்டாம். அவருடையது 30/70 கலவையாக இருந்தால் அதில் ஒரு பங்கு உடனே பாயும், இன்னொரு பங்கு பின்னால் வரும். பூனைக்கு இது சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். ஒரு வேளை தவறினால் பரவாயில்லை என்று மேலே சொன்னேனே, அதை நம்பி அடுத்த நாள் கடை திறக்கும்வரை காத்திருங்கள். கிளார்ஜின் என்று பெயர் இருந்தாலும் 300 செறிவில் ஒரு பேனா வருகிறது, அதிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சுவது உயிருக்கு ஆபத்து.

மீன் சோற்றுக்கு வருவோம். லேக் மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது பூனைக்கென்று கழிவைக் கொடுக்கும் வழக்கம் எனக்குத் தெரியும். வங்காள வீடுகளில் பூனைக்குத் தனி அந்தஸ்து உண்டு. குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவியின் வாகனம் அது, பூனையை யாரும் விரட்ட மாட்டார்கள். ஹுலோவுக்குப் பக்கத்து வீட்டிலிருந்தும் சோறு வருகிறதென்றால் அதில் வியப்பில்லை. ஆனால் பூனைக்குச் சோறு தேவையே இல்லை. அதன் உடம்பு இறைச்சியிலும் மீனிலும் ஓடும்படி அமைந்தது. சோறும், கடையில் வாங்கும் உருண்டை உலர் தீனியும், மாவுச்சத்தைக் கொட்டித் தருகின்றன. இனிப்பைப் பற்றி நம் வீடுகளில் பயப்படுகிறார்கள். ஆனால் பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது, அதற்கான மரபணு வேலை செய்யவில்லை என்று 2005-இல் கண்டறிந்தார்கள். ரசகுல்லாவையும் சந்தேஷையும் அவன் நக்குவது பாலின் கொழுப்புக்காக.

மாவுச்சத்து குறைந்த ஈரத் தீனிக்கு மாற்றுங்கள், டப்பாவிலோ பையிலோ வரும் பூனை உணவு. வீட்டுச் சமையல்தான் வேண்டுமென்றால் வெறும் மீன் போதாது. டாரின் என்ற சத்து இல்லாமல் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும், சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். பச்சை மீனை வழக்கமாகக் கொடுத்தால் தயமின் குறையும் அபாயம் உண்டு. அதனால் கால்நடை டாக்டர் எழுதித் தரும் பட்டியல் இல்லாமல் வீட்டுச் சமையலில் இறங்காதீர்கள். இதைவிட முக்கியமானது ஒன்று. சோற்றை நிறுத்தியதும் சர்க்கரை சரசரவென்று இறங்கும், பழைய அளவு இன்சுலின் அப்போது அதிகமாகிவிடும். சாப்பாட்டை மாற்றப்போகும் வாரத்தை டாக்டரிடம் முன்கூட்டிச் சொல்லுங்கள். அந்த நாட்களில் மத்தியானமும் ஒருமுறை அளந்து பாருங்கள். பக்கத்து வீட்டாரிடமும் அன்போடு சொல்லி வையுங்கள், எவ்வளவு பிரியமாகக் கொடுத்தாலும் இனி சோறு வேண்டாம் என்று. அவன் கொஞ்சம் மெலிந்திருந்தாலும் 6.2 கிலோ கனம்தான். சர்க்கரை கட்டுக்கு வந்த பிறகு எடையை வாரத்துக்கு ஒரு சதவீதம் அளவில் மெதுவாகக் குறைக்கலாம். இந்த நோய் வருவதில் கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே படுத்துக்கிடக்கும், பருத்த, வயதான ஆண் பூனைகளுக்குத்தான் முதலிடம். அரிப்புக்கோ வாய்ப்புண்ணுக்கோ ஹுலோவுக்கு எப்போதாவது நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவே சர்க்கரையைத் தூண்டியிருக்கலாம்.

உங்கள் கணவருக்குப் பதில் சொல்கிறேன். அந்த ஊசி மிகவும் மெல்லியது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போட்டால் பல பூனைகள் தலையைத் தூக்குவதுகூட இல்லை. அவனை வதைப்பது ஊசி இல்லை, கட்டுக்கு வராத சர்க்கரை. தாகம், பசி, மெலிவு, கடைசியில் பின்னங்கால் வலுவிழந்து குதிகாலை ஊன்றி நடக்கும் நிலை. இவையெல்லாம் சரியான அளவில் பெரும்பாலும் திரும்பிவிடும். இன்னொன்றும் சொல்லுங்கள். மனிதர்களைவிடப் பூனைக்கு ஒரு வாய்ப்பு அதிகம் உண்டு, சர்க்கரை விலகி இன்சுலினே தேவைப்படாமல் போகும் நிலை. கிர்ஸ்டன் ரூம்பும் ஆஸ்திரேலியாவின் ஜாக்கி ராண்டும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 55 பூனைகளுக்கு கிளார்ஜினும் மாவுச்சத்து குறைந்த உணவும் கொடுத்து, வீட்டிலேயே விடாமல் அளந்தார்கள். நோய் தெரிந்த ஆறு மாதத்துக்குள் இப்படி ஆரம்பித்தவற்றில் 84 சதவீதம் இன்சுலினை விட்டு வந்தன. ஆறு மாதம் கழித்து ஆரம்பித்தவற்றில் 35 சதவீதம்தான். ஹுலோ இன்னும் முதல் ஆறு மாதத்துக்குள் இருக்கிறான். எல்லாப் பூனைக்கும் இது நடக்காது, நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் இந்த நாட்களில் எடுக்கும் சிரமத்துக்குப் பின்னாளில் எடுக்கும் சிரமத்தைவிடப் பலன் அதிகம். எண்கள் தானாகவே 100, 110 என்று இறங்கி நின்றால் அளவைக் குறைப்பதை டாக்டர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அமெரிக்காவில் 2022 டிசம்பரில் ஊசிக்கு மாற்றாகப் பூனைக்கென்றே ஒரு மாத்திரையும் 2023-இல் ஒரு திரவ மருந்தும் அனுமதி பெற்றன. இன்சுலின் போட்டே பார்த்திராத, நோய் புதிதாகக் கண்ட, நன்றாகச் சாப்பிடும் பூனைகளுக்கு மட்டும். ஹுலோ அந்தப் பட்டியலில் இல்லை. மனிதர்களுக்கு அதே வகையில் வரும் மாத்திரையை உடைத்துக் கொடுத்துப் பார்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். சர்க்கரை அதிகம் ஏறாமலேயே கீட்டோன் சேர்ந்து உயிருக்கு ஆபத்து வரலாம்.

இப்போது சென்னைக் கல்யாணம். ஒரு நாளுக்கும் மேலான ரயில் பயணத்தில் அவனை ஏற்றிச் செல்ல வேண்டாம், பயத்தில் எண்கள் எல்லாம் குழம்பிவிடும். வீட்டிலேயே விடுங்கள். அவனுக்குப் பழக்கமான பக்கத்து ஃப்ளாட் வங்காள அம்மாவுக்கோ, நம்பிக்கையான வேறொருவருக்கோ ஊசி போடக் கற்றுக்கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் நிற்க, நாலைந்து வேளை அவர்களே போட்டுப் பழக வேண்டும். குளிர்சாதனப் பெட்டி கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். தமிழில் வேண்டாம், படிக்கப் போகிறவர் வங்காளியாக இருந்தால் வங்காளத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அதில் டாக்டர் சொன்ன அளவு, எந்த மூடி சிரிஞ்சு, எந்த நேரம், சாப்பிடாவிட்டால் போட வேண்டாம், சந்தேகமானால் மறுபடி போட வேண்டாம், தேன் எங்கே இருக்கிறது, எந்த மருத்துவமனை, எந்த எண் என்பதெல்லாம் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு காலண்டர் தொங்கட்டும். போட்டவர் அந்தந்த வேளைக்கு உடனே டிக் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேரும் போட்டுவிடும் நாள் வரும். மருந்தை யாராவது வேறிடத்துக்குக் கொண்டுபோனால் ஐஸ் பொட்டலத்தை நேராகத் தொடாமல் துணியில் சுற்றி ஃபிளாஸ்கில் வைக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு இரவில் அவசரமாகப் போக ஓரிடம் வேண்டும். வீட்டுப் பக்கத்தில் இரவிலும் திறந்திருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையை இப்போதே போய்ப் பார்த்து, கதவு எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று கேட்டு வாருங்கள். பெல்காச்சியாவில் 1893-இல் தொடங்கிய வங்காள கால்நடைக் கல்லூரி, இப்போது மேற்கு வங்காள விலங்கு மற்றும் மீன் அறிவியல் பல்கலைக்கழகமாக இருக்கிறது. அங்கே போதனா மருத்துவமனையும் உண்டு. ஊர் அமைதியான ஒரு நாளில் போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த துர்கா பூஜையில் ஊரே தெருவுக்கு வந்து, சாலைகள் மூடி, கடைகள் பாதி அடைத்திருக்கும். அதற்குள் ஆரஞ்சு மூடி சிரிஞ்சு, மீட்டர் பட்டை, இன்னொரு குப்பி இன்சுலின், ஒரு பாட்டில் தேன் எல்லாம் வாங்கி வைத்துவிடுங்கள். அந்த ஐந்து நாளும் நீங்கள் எந்தப் பந்தலில் நின்றாலும் அவனுக்கு ஊசி போடும் நேரம் மாறக் கூடாது. அரை மணி முன்பின்னானால் கவலையில்லை, மூன்று மணி நேரம் தள்ளிப்போகவிடாதீர்கள்.